'ஞாபகம் இல்லை' என்பதை எப்படிக் கேட்பது

என் தம்பி மகன் டெக்ஸாஸில் இருக்கிறான். அரசியல் பித்து அவனுக்குக் கொஞ்சம் அதிகம். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு துண்டு வீடியோ அனுப்பினான். மொத்தமே இருபது நொடி. வில்லியம் பார், டிரம்ப் முதல் தடவை அதிபராக இருந்தபோது அட்டர்னி ஜெனரலாக இருந்தவர், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன்னால் உட்கார்ந்து "இல்லை, தெரியாது" என்கிறார். கூடவே ஒரு குறிப்பு: "அத்தை, சபையிலேயே எப்படிப் புளுகுறாரு பாருங்க."

நான் ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டேன். "அவர்கிட்ட என்னடா கேட்டாங்க?"

அரை மணி நேரம் பதிலே இல்லை. அந்தத் துண்டில் கேள்வியே கிடையாது.

அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஒருவர் சபையில் சாட்சி சொல்வதை எப்படிப் பார்ப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு இதில் என்ன தகுதி என்று கேட்டால், காதுதான். 2007 மழைக்காலத்தில் சென்னையில் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கித் தருகிற ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஆபீஸில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ராத்திரி ஷிப்ட், வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், காதில் ஹெட்போன், காலடியில் பெடல். பெடலை மிதித்தால் ஓடும், குதிகாலால் தட்டினால் பின்னால் போகும். நிஜமான கோப்புகளைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், பொதுவில் கிடைக்கிற ஒலிப்பதிவுகளை வைத்துப் பழக்குவார்கள். எனக்கு வந்தது அந்த வருஷம் ஏப்ரல் 19ஆம் தேதி அமெரிக்க செனட் நீதிக் குழு முன்னால் அட்டர்னி ஜெனரல் அல்பர்ட்டோ கோன்சாலஸ் கொடுத்த சாட்சியம்.

இரண்டாவது நாளே ஒரு ஷார்ட்கட் போட்டுக்கொண்டேன். மூன்று எழுத்து அடித்தால் 'எனக்கு ஞாபகம் இல்லை' என்பதற்கான ஆங்கில வாக்கியம் முழுசாக விரியும். அவ்வளவு தடவை சொல்லியிருந்தார் மனுஷன். 60 தடவைக்கு மேல் என்று அப்போதே பத்திரிகைகள் எண்ணி எழுதின. கணக்கு பத்திரிகைக்குப் பத்திரிகை மாறியது. எதை 'ஞாபகம் இல்லை' என்று சேர்ப்பது, எதை விடுவது என்பதே ஒரு பஞ்சாயத்து.

உட்காருவதற்கு முன்னால் ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் அட்டர்னி ஜெனரலை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். இங்கே அவர் அரசின் தலைமை வழக்கறிஞர். அங்கே அவர் மந்திரி. நீதித்துறை முழுவதும், எஃப்.பி.ஐ. உட்பட, அவருக்குக் கீழே. அவரை நியமிப்பது அதிபர், ஒப்புதல் கொடுப்பது செனட், நினைத்த நாளில் வீட்டுக்கு அனுப்புவதும் அதிபரே. நாட்டில் யார் மீது வழக்குப் போடலாம் என்று முடிவெடுக்கும் துறையின் தலைவர், தன்னை வேலைக்கு வைத்தவரைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வந்து உட்காருகிறார். அங்கே மக்களுக்கு நம்பிக்கை வராததில் பாதி இந்த நாற்காலி போட்டிருக்கிற கோணத்தால் வருவது. அதில் யார் உட்கார்ந்தாலும் அப்படித்தான் தெரியும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சபைக்கு அவர் ஒத்துழைக்கவில்லை என்றால் அவமதிப்புத் தீர்மானம் போடலாம். போட்டும் இருக்கிறார்கள். 2012 ஜூன் 28 அன்று எரிக் ஹோல்டர் மேல், 255க்கு 67. 2024 ஜூன் 12 அன்று மெரிக் கார்லண்ட் மேல், 216க்கு 207. தீர்மானம் நிறைவேறியதும் கோப்பு எங்கே போகும்? வாஷிங்டனில் இருக்கிற அரசு வழக்கறிஞரிடம். அவர் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறார்? அட்டர்னி ஜெனரலுக்குக் கீழே. மாமியார் மேல் புகார் கொடுக்க மாமியாரிடமே போன கதை. இரண்டு தடவையும் குற்றவழக்கு வரவில்லை. அதனால் 'தண்டனை கிடைக்கவில்லையே, அப்போ யோக்கியர்தானே' என்றும் சொல்ல முடியாது, 'தீர்மானம் போட்டார்களே, அப்போ குற்றவாளிதானே' என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் குறிப்பேட்டில் எழுதாதீர்கள்.

குறிப்பேடு என்றேனே, அது வேண்டும். கணக்கு நோட்டு போதும். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் கேள்வி, நடுவில் பதில், வலது பக்கம் காலியாக இருக்கட்டும். அந்தக் காலி இடம் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

வீடியோவை முழுசாகப் பாருங்கள். சி-ஸ்பான் என்ற சேனலின் இணையக் கிடங்கில் 1987 முதல் பதிவுகள் இருக்கின்றன, காசு கேட்க மாட்டார்கள். நேரலையாகப் பார்ப்பதானால், அங்கே காலை 10 மணிக்கு ஆரம்பிப்பது நமக்குக் கோடையில் ராத்திரி ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காருவது நல்லது. நாலைந்து மணி நேரம் போகும்.

அதில் பெரும்பகுதியை ஓட்டிவிடலாம். பிரதிநிதிகள் சபைக் குழுவில் ஓர் உறுப்பினருக்கு ஐந்து நிமிடம். ஒரு கட்சிக்காரர், அடுத்து எதிர்க்கட்சிக்காரர் என்று மாறி மாறி வரும். செனட்டில் சில சமயம் ஏழு நிமிடம் கிடைக்கும். அந்த ஐந்தில் நாலு நிமிடத்தை உறுப்பினரே பேசித் தீர்ப்பார். தொகுதியில் போட்டுக்காட்ட அவருக்கும் ஒரு துண்டு வீடியோ வேண்டாமா? சொந்தக் கட்சிக்காரர் என்றால் கேள்வி என்ற பெயரில் மாலை விழும். எங்கள் பயிற்சியாளர் அம்மா ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்: உறுப்பினர் பேசி முடித்ததும், கடைசி வாக்கியத்தில் கேள்விக்குறி போட முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் அது கேள்வி இல்லை. அதற்கு வருகிற பதிலை வைத்து சாட்சியை எடை போடாதீர்கள்.

சாட்சிக்கும் கடிகாரம் தெரியும். நீளமாக நன்றி சொல்வது, கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொல்வது, 'நல்ல கேள்வி' என்பது, எல்லாம் நொடிகளைத் தின்ன. திருப்பித் தாக்குவதும் அதே வேலையைச் செய்யும். 2025 அக்டோபர் 7 அன்று செனட் நீதிக் குழுவில் அப்போதைய அட்டர்னி ஜெனரல் பாம் பாண்டி அதைத்தான் செய்தார். செனட்டர் ப்ளூமெந்தால் கேட்க ஆரம்பித்தால் அவருடைய பழைய ராணுவ சேவைக் கதையை இவர் எடுத்தார். கைதட்டுகிறவர்களும் கொதிக்கிறவர்களும் அதையேதான் பகிர்ந்தார்கள். உங்கள் நோட்டில் நடுப் பத்தி காலி. அவ்வளவுதான் அதற்கு மதிப்பு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கேள்வியை அப்படியே, வார்த்தை பிசகாமல் எழுதுங்கள். பதிலை விட இதில்தான் உழைப்பு.

2017 ஜனவரி 10. ஜெஃப் செஷன்ஸை அட்டர்னி ஜெனரலாக ஏற்கலாமா என்று செனட் விசாரிக்கிறது. செனட்டர் ஆல் ஃபிராங்கன் நீட்டி முழக்கி ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, டிரம்பின் பிரசாரத்தோடு தொடர்புடைய யாராவது ரஷ்ய அரசோடு பேசியதற்கு ஆதாரம் கிடைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கேள்வியின் வினைச்சொல் 'செய்வீர்கள்'. வரவேண்டிய பதில் 'விசாரிப்பேன்' அல்லது 'ஒதுங்கிக்கொள்வேன்'. செஷன்ஸ் சொன்னது வேறு: அப்படி எதுவும் எனக்குத் தெரியாது, நானும் ஒன்றிரண்டு தடவை அந்தப் பிரசாரத்தின் சார்பில் பேசியவன்தான், நான் ரஷ்யர்களோடு தொடர்பு வைத்திருக்கவில்லை.

யாரும் அவரிடம் 'நீங்கள் பேசினீர்களா' என்று கேட்கவே இல்லை.

மார்ச் 1ஆம் தேதி, முந்தைய வருஷம் ரஷ்யத் தூதர் கிஸ்லியாக்கை அவர் இரண்டு தடவை சந்தித்த செய்தி வெளியானது. மறுநாளே, 2016 தேர்தலில் ரஷ்யா தலையிட்டதா என்ற விசாரணையிலிருந்து ஒதுங்கினார். சந்தித்தது செனட்டர் என்ற முறையில்தான், பிரசாரத்துக்காக இல்லை, கேள்வியை அந்தப் பொருளில்தான் எடுத்துக்கொண்டேன் என்பது அவர் விளக்கம். ஏற்பதும் ஏற்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் நோட்டில் கேள்வியையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால், தூதர் செய்தி வருவதற்கு ஏழு வாரம் முன்னாலேயே அந்த வரிக்கு ஓரத்தில் ஒரு கோடு போட்டிருப்பீர்கள். கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் பெடலைத் தட்டுங்கள், பின்னால் போங்கள்.

இதற்கு நேர் எதிர் ஒன்று உண்டு. கேட்ட கேள்விக்குப் பக்கத்து வீட்டுப் பதில். இதன் தாய் வழக்கு ஒரு சினிமாத் தயாரிப்பாளருடையது. சாமுவேல் பிரான்ஸ்டன், கம்பெனி திவால். விசாரணையில் கேட்டார்கள்: சுவிஸ் வங்கியில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா? இல்லை ஐயா. எப்போதாவது இருந்ததா? கம்பெனிக்கு சூரிச்சில் ஆறு மாதம்போல ஒரு கணக்கு இருந்தது. சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் பேரிலேயே ஜெனீவாவில் ஐந்து வருஷம் கணக்கு இருந்தது, அவ்வளவுதான். பொய்ச்சாட்சி என்று தண்டித்தார்கள். 1973இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தது. சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்தால் அது பொய்ச்சாட்சி ஆகாது. நழுவுகிறார் என்று தெரிந்தால் கேட்டவர்தான் விடாமல் மறுபடி கேட்டிருக்க வேண்டும் என்றது.

வாஷிங்டனில் சாட்சி சொல்லப் போகிற எந்த வக்கீலுக்கும் இந்தத் தீர்ப்பு தெரியாமல் இருக்காது. அட்டர்னி ஜெனரல்களும் வக்கீல்களே. சூரிச் என்று பதில் வந்தால் ஜெனீவா என்று ஓரத்தில் எழுதிக்கொள்வது என் வழக்கம். என் பழைய நோட்டுகளில் எக்கச்சக்க ஜெனீவா இருக்கிறது.

இப்போது தம்பி மகனின் துண்டு வீடியோவுக்கு வருவோம். முழுப் பதிவைத் தேடிப் பிடிக்கச் சொன்னேன். 2019 ஏப்ரல் 9, பிரதிநிதிகள் சபையின் நிதி ஒதுக்கீட்டு உபகுழு. கேட்டவர் சபை உறுப்பினர் சார்லி கிறிஸ்ட். கேட்டது, செஷன்ஸ் ஒதுங்கிய அந்த ரஷ்ய விசாரணையின் அறிக்கையைச் சுருக்கி பார் எழுதிய கடிதத்தைப் பற்றி. மார்ச் 24ஆம் தேதி நீங்கள் எழுதிய கடிதத்தில் சொற்பத் தகவல்தான் இருக்கிறது, அறிக்கையின் முடிவுகளை அது சரியாகக் காட்டவில்லை என்று சிறப்பு விசாரணையாளர் குழு உறுப்பினர்களுக்கு வருத்தம் என்று செய்தி வருகிறதே, அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று தெரியுமா? பார் சொன்ன பதில் 'இல்லை, தெரியாது' என்பதோடு முடியவில்லை. இன்னும் அதிகமாக வெளியிட்டிருக்கலாம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம் என்று என் யூகம், எனக்குச் சுருக்கங்கள் வெளியிடுவதில் விருப்பமில்லை என்று தொடர்கிறது. துண்டு வெட்டியவர் 'தெரியாது' என்ற இடத்தில் கத்திரி வைத்துவிட்டார்.

"அப்போ அவர் சொன்னது சரியா அத்தை?"

"இருடா. நடுப் பத்திதானே முடிஞ்சிருக்கு."

அந்த விசாரணையை நடத்திய சிறப்பு விசாரணையாளர் ராபர்ட் முல்லர் மார்ச் 27ஆம் தேதியே பாருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அறிக்கையின் பின்னணியையும் சாரத்தையும் உங்கள் சுருக்கம் முழுசாகக் கொண்டுவரவில்லை என்று அதில் இருந்தது. அதாவது கிறிஸ்ட் கேட்பதற்கு 13 நாள் முன்னால். அந்தக் கடிதம் வெளியே தெரிந்தது ஏப்ரல் 30. மறுநாள், மே 1, செனட் நீதிக் குழுவில் இதைக் கேட்டபோது பார் சொன்ன விளக்கத்தைக் கவனியுங்கள்: என்னிடம் கேட்டது பெயர் தெரியாத 'குழு உறுப்பினர்கள்' பற்றி, நான் பேசியது முல்லரிடம். சூரிச், ஜெனீவா.

தம்பி மகனின் கோபம் நியாயமா இல்லையா என்றால், எனக்கும் அந்த விளக்கம் தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் அவன் அனுப்பிய இருபது நொடியை வைத்து அதைச் சொல்ல முடியாது. மார்ச் 27, ஏப்ரல் 9, ஏப்ரல் 30, மே 1 என்று நாலு தேதியும் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் சொல்ல முடியும்.

இனி 'ஞாபகம் இல்லை'. ஒரு சாட்சி 'நடக்கவில்லை' என்றால் ஒரு காகிதம் போதும் அவரைக் கவிழ்க்க. 'ஞாபகம் இல்லை' என்றால், ஞாபகம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். மனதுக்குள் யார் போய்ப் பார்ப்பது? ஆகவே கெட்டிக்கார வக்கீலுக்கு அது கவசம். அதே சமயம், பத்து மாதம் முன்னால் நடந்த கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்று உங்களைக் கேட்டாலும் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வீர்கள். ஆகவே எத்தனை தடவை என்று எண்ணாதீர்கள். ஷார்ட்கட் போட்டு அடித்தவள் சொல்கிறேன், அந்த எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. எது ஞாபகம் இருக்கிறது, எது இல்லை என்று இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள்.

கோன்சாலஸ் விவகாரம் இதுதான். 2006இல் அரசு வழக்கறிஞர்கள் 9 பேரை வேலையை விட்டு நீக்கினார்கள், அதில் 7 பேருக்கு டிசம்பர் 7 அன்று ஒரே நாளில் சொல்லப்பட்டது. அரசியல் காரணமா என்று கேள்வி எழுந்தது. 2007 மார்ச் 13 அன்று பத்திரிகையாளர்களிடம், இது பற்றிய எந்த ஆலோசனையிலும் நான் கலந்துகொள்ளவில்லை என்றார் அவர். நவம்பர் 27ஆம் தேதி அவர் இருந்த கூட்டத்திலேயே இது பேசப்பட்டதாக ஆவணம் வந்தது. அவருடைய முன்னாள் உதவியாளர் கைல் சாம்ப்சன் மார்ச் 29 அன்று செனட்டில் வந்து, அமைச்சர் சொன்னது சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஏப்ரல் 19 அன்று கோன்சாலஸ் சொன்னதை என் பக்கத்தில் இப்படி எழுதலாம். ஞாபகம் இருப்பவை: முடிவெடுத்தது நான், முடிவு சரியானது, தவறான நோக்கம் ஏதும் இல்லை. ஞாபகம் இல்லாதது: அந்தக் கூட்டம்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது, மொய் சரியாக வந்தது, மண்டபத்துக்குப் போனது மட்டும் ஞாபகம் இல்லை என்கிற மாதிரி. அவர் கட்சி செனட்டர்களே அன்றைக்கு முகம் சுளித்தார்கள். ஆகஸ்ட் 27 அன்று ராஜினாமாவை அறிவித்தார். 2010இல் சிறப்பு வழக்கறிஞர் குற்றவழக்கு எதுவும் தேவையில்லை என்று முடித்துவிட்டார் என்பதையும் வலது பத்தியில் எழுதிவைத்திருக்கிறேன். எழுத வேண்டியதுதானே.

என் காதையே நான் நம்பக் கூடாது என்று கற்றுக்கொடுத்தது ஹோல்டர். மெக்சிகோ கும்பல்களைப் பிடிக்கிறோம் என்று துப்பாக்கிகளைக் கைமாற விட்ட ஒரு நடவடிக்கை, பெயர் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்'. 2011 மே 3 அன்று இதை எப்போது கேள்விப்பட்டீர்கள் என்று கேட்டதற்கு, கடந்த சில வாரங்களில்தான் என்றார். பிறகு பார்த்தால், 2010லேயே அவர் பெயருக்கு வந்த குறிப்புகளில் அந்தப் பெயர் இருந்தது. அப்போது நான் நோட்டில் கொட்டை எழுத்தில் 'பொய்' என்றே எழுதினேன். 2012 செப்டம்பரில் நீதித்துறையின் உள் தணிக்கை அதிகாரி அறிக்கை வந்தது. 2011 தொடக்கத்துக்கு முன்னால் அவருக்கு அந்த நடவடிக்கை தெரிந்திருந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. மேசைக்கு வந்த காகிதத்தை எல்லாம் மந்திரி படிப்பார் என்று நினைத்தது என் அப்பாவித்தனம். 'சில வாரம்' என்பது 'சில மாதம்' என்று இருந்திருக்க வேண்டும், அந்தத் தப்பு அவருடையது. 'பொய்' என்பது நான் கூட்டி எழுதியது. அடித்துவிட்டு மேலே 'தேதி இடிக்கிறது' என்று திருத்தினேன்.

அதே விவகாரத்தில் நான் கவனிக்காமல் விட்டது ஒரு கடிதம். 2011 பிப்ரவரி 4 அன்று நீதித்துறை செனட்டர் கிராஸ்லிக்கு எழுதியது. துப்பாக்கிகளைத் தெரிந்தே விடவில்லை என்று அதில் சொல்லியிருந்தார்கள். தகவல் தப்பு. வாபஸ் வாங்கியது டிசம்பர் 2. பத்து மாதம் அது உண்மை மாதிரி உலவியது. கேமரா முன்னால் வேர்த்துப்போகிற ஆளையே பார்த்துக்கொண்டிருந்தால் இந்த மாதிரிக் காகிதம் கண்ணில் படாது. ஆகவே விசாரணை முடிந்ததும் நோட்டை மூடாதீர்கள். நேரில் கேட்க நேரமில்லாத கேள்விகளை எழுத்தில் அனுப்புவார்கள், பதில் வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அச்சாகிற பதிவின் பின்பகுதியில் அவை இருக்கும். நான் முதலில் அங்கேதான் புரட்டுவேன்.

வலது பத்தி எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். அது பிறகு வரும் காகிதத்துக்கு. சில சமயம் ஐந்து வாரத்தில் நிரம்பும், சில சமயம் வருஷக்கணக்காகும். நிக்சன் காலத்தில் அட்டர்னி ஜெனரலான ரிச்சர்ட் கிளைண்டீன்ஸ்ட் 1972இல் தன் நியமன விசாரணையில், ஐ.டி.டி. கம்பெனி மேல் நீதித்துறை போட்ட வழக்கில் வெள்ளை மாளிகை தன்னை நெருக்கவில்லை என்றார். 1971 ஏப்ரல் 19 அன்று நிக்சன் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு மேல்முறையீட்டைக் கைவிடச் சொன்னது நிக்சனின் சொந்த ஒலிநாடாவிலேயே பதிவாகியிருந்தது. 1974இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வழக்குப் போட்டது அவருடைய பழைய துறையின் வழக்கமான ஆட்கள் இல்லை, வாட்டர்கேட்டுக்கு என்று போட்ட சிறப்பு வழக்கறிஞர் அலுவலகம். தண்டனை ஒரு மாதச் சிறை, 100 டாலர் அபராதம், அதையும் நிறுத்திவைத்தார்கள். அந்த நாடாவை எழுத்தாக்கியது யாராக இருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன். காலடியில் பெடலோடு இருந்திருப்பார்.

தம்பி மகன் இப்போது நோட்டு வாங்கிவிட்டான். போன வாரம் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினான். இடது பத்தி நிறைய எழுத்து, நடுவில் கொஞ்சம்.

"இன்னும் நம்பிக்கை வரலை அத்தை."

"நம்ப வேணாம்டா. எந்த வரியை நம்பலை, அதுக்கு மட்டும் கோடு போடு."

கொஞ்ச நேரத்தில் இன்னொரு படம் வந்தது. பக்கம் முழுக்க இரண்டே கோடு. வலது பத்தியில் தேதி மட்டும் போட்டு வைத்திருக்கிறான்.